ஒரு கோப்பைக்கு எத்தனை நாழிகை?

அலுவலகத்துக்குச் செல்லாமலே அலுவலகப் பணியை ஆற்றும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடப்புக்கு வந்தபோது, எண்ணிறந்த ஊழியர்கள் தத்தம் இல்லங்களிலேயே கணிப்பொறியின் முன் அமர நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, இத்தகைய சேவை நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தி, ஊழியர்கள் வீட்டிலிருந்தோ வேறெங்கிருந்தோ பணிபுரிவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் பலவற்றை நீக்கிற்று. நோய்க் காலம் கழிந்த பின்னரும், வாரத்தில் சில நாட்களேனும் இம்முறையைப் பின்பற்றும் நிறுவனங்கள் பல உள.

வீட்டிலிருந்தே வேலை செய்க என்று சொல்வது எளிது. வீட்டில் அதற்கு ஓர் இடம் இருத்தல் வேண்டுமன்றோ? பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற நம்மவரில் இளைஞர் பலர், பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும், புணேயின் ஹிஞ்சவடியிலும், தில்லியை அடுத்த நொய்டாவிலும், மூவரும் நால்வருமாகச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து வாழ்கின்றனர். ஒருவர் இரவுப் பணி முடிந்து உறங்கும் வேளையில், மற்றொருவர் மேலதிகாரியுடன் தொலைபேசியில் பேசவேண்டியிருக்கும். குடும்பத்துடன் வாழ்வோர்க்கோ, கூடமே படிப்பறை, கூடமே படுக்கையறை. ஆகவே மடிக்கணினியைப் பையில் இட்டுக்கொண்டு, தாம் குடியிருக்கும் புறநகரிலேயே அமர்ந்து பணி செய்யத்தக்க காப்பி விடுதி ஏதேனும் உண்டா என்று தேடிப் புறப்படுகின்றனர்.

எந்த விடுதி நல்ல விடுதி என்ற கேள்வி இந்தச் சில ஆண்டுகளில் பிறந்தது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஒரு கோப்பையின் விலையைக் கொடுத்தவர் எவ்வளவு நேரம் அமரலாம்? அங்கே அமரும் உரிமை யார் யாருக்கு உண்டு? அவர் அமர்ந்திருக்கும் நேரத்தின் செலவை யார் தாங்குவது? காப்பி விடுதி தோன்றிய காலந்தொட்டு இம்மூன்று வினாக்களும் அதனைத் தொடர்ந்தே வந்திருக்கின்றன. அவற்றுக்கு வெவ்வேறு ஊரினர் கண்ட விடைகளை அறிந்துகொண்டால், இன்று நமக்கு வேண்டிய விடையும் ஓரளவு தெளிவாகும்.

ஒரு பென்னியும் ஓர் இருக்கையும்

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துருக்கியரின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் காப்பி விடுதிகள் தோன்றின. சதுரங்கம் ஆடுவோரும், கவிதை படிப்போரும், வேலை தேடி நிற்போரும் அங்கே கூடினர். ஒரு நூற்றாண்டு கழித்து, 1652இல், பாஸ்குவா ரோசே என்பவர் இலண்டன் மாநகரின் கார்ன்ஹில் பகுதியில் அந்நகரின் முதற் காப்பி விடுதியைத் திறந்தார். விரைவில் இலண்டனில் தெருவுக்குத் தெரு இத்தகைய விடுதிகள் எழுந்தன.

அங்கே வழங்கிய வழக்கம் கருதத்தக்கது. உள்ளே நுழைபவர் ஒரு பென்னி கொடுப்பார். அதற்குக் காப்பி கிடைக்கும். நீண்ட மேசையில் ஓர் இடம் கிடைக்கும். அன்றைய செய்தித்தாள்கள் கிடைக்கும். அருகில் இருப்பவர் எவராயினும் அவருடன் உரையாடும் வாய்ப்பும் கிடைக்கும். இதனால் அவ்விடுதிகளுக்குப் ‘பென்னிப் பல்கலைக்கழகம்’ என்ற பெயரும் வழங்கிற்று. காப்பியை விற்பதாகத் தோன்றினாலும், விடுதிக்காரர் விற்றது இருக்கையையும் நேரத்தையும் செய்தியையுமே எனல் வேண்டும்.

இந்த ஏற்பாடு அரசுக்கு உவப்பாக இல்லை. மன்னர் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பர் 29ஆம் நாள் காப்பி விடுதிகளை மூடுமாறு ஓர் ஆணை பிறப்பித்தார். வணிகரும் தொழிலாளரும் தத்தம் கடமையை விட்டு அங்கே வீணே பொழுது போக்குகின்றனர் என்பதும், அரசைப் பற்றிய அவதூறுகள் அங்கிருந்தே பரவுகின்றன என்பதும் ஆணையிற் கூறப்பட்ட காரணங்கள். மக்களிடையே எழுந்த எதிர்ப்பைக் கண்டு, அது நடப்புக்கு வருமுன்பே மன்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பொழுதைப் போக்குவதற்கு மட்டுமே மக்கள் அங்குச் சென்றிருப்பின் இத்துணை எதிர்ப்பு எழுந்திராது. அவர்களுள் பலருக்கு அதுவே பணியிடமாக இருந்தது.

அவர்களுள் ஒருவரை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். ஆபிரகாம் தெ முவாவர் என்ற கணித அறிஞர் பிரான்சு நாட்டில் பிறந்தவர்; சமயத்தின் காரணமாக அங்கே நேர்ந்த துன்பத்துக்கு அஞ்சி இங்கிலாந்தில் குடியேறியவர். நியூட்டனால் மதிக்கப்பெற்ற பேரறிஞர் அவர். ஆயினும் அயல்நாட்டார் ஆதலின் பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. மாணவர்களின் இல்லங்களுக்கு நடந்து சென்று பாடம் சொல்லிக் கொடுத்தார். எஞ்சிய நேரத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் இருந்த ஸ்லாட்டர் காப்பி விடுதியில் அமர்ந்து, சூதாட்டத்தின் வாய்ப்புகளைக் கணக்கிட்டுத் தருமாறு கேட்டு வந்தவர்களுக்குக் கணித்துக் கொடுத்து ஊதியம் பெற்றார். நிகழ்தகவுக் கணிதத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய அவருடைய ‘வாய்ப்புகளின் கோட்பாடு’ 1718இல் வெளிவந்தது. சொந்த ஊரை விட்டு வந்தவர்க்கு, பதவியும் பணியறையும் இல்லாத இடத்து, ஒரு கோப்பை காப்பியின் விலைக்குக் கிடைத்த மேசை எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு இவர் வாழ்க்கை சான்று.

விடுதி நிறுவனமான கதை

எட்வர்டு லாயிடு என்பவர் 1680களின் இறுதியில் இலண்டனின் டவர் தெருவில் ஒரு காப்பி விடுதியை நடத்திவந்தார். 1691இல் அதனை லாம்பார்டு தெருவுக்கு மாற்றினார். கப்பல் தலைவர்களும், கப்பலின் உரிமையாளரும், கடற்பயணத்தின் இழப்புக்குப் பிணை நிற்கும் செல்வரும் அவர் விடுதியில் கூடினர். வந்தவர்க்கு வேண்டுவது கப்பற்செய்தி என்பதை லாயிடு உணர்ந்தார். துறைமுகங்களிலிருந்து செய்தி வருவிக்க ஏற்பாடு செய்தார். 1696இல் ஒரு செய்தித்தாளையும் வெளியிட்டார். அடிமை வாணிகக் கப்பல்களுக்கும் அங்கே காப்புறுதி எழுதப்பட்டது என்பது அவ்வரலாற்றின் கறை; அதற்காக லாயிட்ஸ் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. கீழை நாட்டு வணிகர்க்கு வேறொரு விடுதி இருந்தது. சென்னைப் பட்டினத்துக்கும் கல்கத்தாவுக்கும் செல்லும் கப்பல்களைப் பற்றி அறிய விரும்புவோர் ஜெரூசலம் காப்பி விடுதிக்குச் செல்வர்.

தொழில் பெருகப் பெருக, விடுதியின் இடம் போதவில்லை. 1771இல் லாயிட்ஸ் விடுதியில் தொழில் செய்துவந்தோர் 79 பேர் ஆளுக்கு 100 பவுன் செலுத்தித் தமக்கென ஓரிடம் தேட முற்பட்டனர். 1774இல் ராயல் எக்ஸ்சேஞ்சு கட்டடத்தில் குடிபுகுந்தனர். உலகப் புகழ் பெற்ற லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தை இவ்வாறு உருவாயிற்று. அங்கே சீருடை அணிந்து பணியாற்றும் உதவியாளர்களை இன்றும் பரிமாறுவோர் என்று பொருள்படும் ‘வெயிட்டர்’ என்ற பழைய பெயராலேயே அழைக்கின்றனர். இலண்டன் பங்குச் சந்தையும் ஜோனத்தன் காப்பி விடுதியில் முளைத்ததே.

காப்பி விடுதி பணியைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம். பணி ஓரளவுக்கு மேல் வளர்ந்தால், பயன்பெற்றவர்களே பொருள் திரட்டித் தமக்கென இடம் தேடிக்கொள்வது முறை. லாயிட்ஸ் விடுதியினர் நடந்துகொண்டது இவ்வாறே.

அமரும் உரிமை

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாபா புதன் என்ற பெரியார் 17ஆம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரையிலிருந்து திரும்புகையில் ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது கன்னட நாட்டில் வழங்கும் செவிவழிச் செய்தி. எனினும் காப்பி குடிக்கும் வழக்கம் தமிழ் மக்களிடையே பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னருமே ஆகும். நகரங்களில் ‘காப்பி கிளப்’ என்ற பெயரில் சிற்றுண்டிச் சாலைகள் தோன்றின. இலண்டன் விடுதியில் பென்னி கொடுத்த ஆடவர் எவரும் அமரலாம் என்ற நிலை இங்கே இருக்கவில்லை. சாதியின் பெயரால் பந்தி பிரிந்திருந்தது. சிலர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். ஊர்ப்புறங்களில் தனிக் குவளை வைக்கும் கொடுமையும் இருந்தது.

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைகள், பொது உணவு விடுதிகள் ஆகியவற்றுள் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவை தடையாகா என்று விதித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியார் ஈ. வெ. ராமசாமி தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது. இன்று எந்த மாநிலத்திலும் ஒரு காப்பி விடுதியில் நுழைந்து, எவரும் நம் ஊரையோ குலத்தையோ வினவாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறோம். இது தானாக வந்த நிலை அன்று. 15ஆவது பிரிவில் ‘பிறப்பிடம்’ என்ற சொல்லும் உண்டு என்பது, பிற மாநிலங்களில் வாழும் நமக்குத் தனிச் சிறப்புடையது.

பெண்களின் நிலை வேறு. இலண்டன் விடுதிகளில் பெண்கள் கல்லாவில் இருந்ததும் பரிமாறியதும் உண்டு; விருந்தினராக வந்தமர்ந்தவர் மிகச் சிலர். நம் நாட்டுச் சிற்றுண்டிச் சாலைகளிலும் பல காலம், குடும்பத்தினர்க்கு என ஒதுக்கிய திரையிட்ட அறையே அவர்களுக்கு இடமாயிருந்தது. ஒரு பெண்மணி தனியே வந்து, பொதுக் கூடத்தில் ஒரு மேசையருகே அமர்ந்து, மாலை வரை தம் பணியைச் செய்துவிட்டுச் செல்வது அண்மைக் காலத்து மாற்றம். இன்னும் எல்லா ஊர்களிலும் அது இயல்பாகிவிடவில்லை.

மாதுங்காவின் பாடம்

புறநகர் என்ற சொல்லைக் கேட்டவுடன் மும்பைத் தமிழர்க்கு மாதுங்கா நினைவுக்கு வரும். இன்று அது மாநகரின் நடுப்பகுதி போலத் தோன்றினும், ஒரு காலத்தில் புறநகராக எழுந்ததே. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிற்று. நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பெற்றது. அதன் திட்டங்களுள் தாதர், மாதுங்காப் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை அமைத்ததும் ஒன்று. 1925 முதல் பம்பாயில் மின்சார இரயில்கள் ஓடலாயின. தென்னாட்டிலிருந்து வேலை தேடி வந்த குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தரும் கணக்கரும் மாதுங்காவில் குடியேறி, இரயிலேறிக் கோட்டைப் பகுதியின் அலுவலகங்களுக்குச் சென்று வந்தனர்.

அவர்களுக்கென எழுந்த உணவு விடுதிகள் இன்றும் பெயர் பெற்றவை. கஃபே மெட்ராஸ் 1940இல் தோன்றியது. மாதுங்கா இரயில் நிலையத்துக்கு எதிரே ராம நாயக் அவர்களின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இல் தோன்றியது. குறைந்த விலையில் தூய உணவை விரைவாக அளித்தல் இவ்விடுதிகளின் நோக்கம். வாயிலில் வரிசை நிற்கும். உண்டவர் எழுந்தால்தான் அடுத்தவர்க்கு இடம். அங்கே ஒருவர் நெடுநேரம் அமர்ந்திருத்தல், பசியோடு நிற்கும் மற்றொருவரின் இடத்தைப் பறிப்பதாகும். விலைக் குறைவின் இரகசியமே மேசை விரைவில் காலியாவதில் அடங்கியிருக்கிறது.

இவ்வுண்மையைப் பெங்களூரின் ‘தர்சினி’ உணவகங்கள் இன்னும் தெளிவாகக் காட்டின. 1983இல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்சினியைப் பின்பற்றி, நின்றுகொண்டே உண்ணும் சிற்றுண்டிச் சாலைகள் அந்நகரெங்கும் பெருகின. நாற்காலியை எடுத்துவிட்டார்கள், இட்டிலியின் விலையும் காப்பியின் விலையும் குறைந்தன. நாற்காலி உள்ள இடத்தில் அதே காப்பிக்கு நாம் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு என்பது இதனால் விளங்குகின்றதன்றோ?

ஆகவே விரைவாக உண்பிப்பது ஒரு வகை. நெடிது அமர்த்துவது மற்றொரு வகை. இரண்டும் நேர்மையான தொழில்களே. மடிக்கணினியுடன் செல்பவர் முதலாவது வகையை இரண்டாவது வகையாக மயங்கி நுழைவதனாலேயே பெரும்பாலான பூசல்கள் விளைகின்றன.

1957: பரிமாறியவர்கள் உரிமையாளர் ஆயினர்

நெடிது அமர்த்தும் விடுதிகளுள் நாடறிந்தவை இந்தியா காஃபி ஹவுஸ் எனப்பட்டவை. உள்நாட்டில் காப்பி அருந்தும் வழக்கத்தைப் பரப்புவதற்காக அமைக்கப்பட்ட காப்பித் தீர்வைக் குழு 1936இல் பம்பாய்ச் சர்ச்கேட் பகுதியில் முதல் விடுதியைத் திறந்தது. பின்னர்க் காப்பி வாரியம் இதனை விரிவாக்கிற்று. ஏறத்தாழ 50 விடுதிகள் நாட்டின் பல நகரங்களில் இயங்கின. விற்பனை இலாபத்தைக் காட்டிலும் காப்பிக்கு விளம்பரம் தேடுவதே நோக்கமாதலின், அமர்ந்தவரை எழுப்ப வேண்டிய தேவை நேரவில்லை. அமரும் நேரத்தின் செலவைத் தோட்டத் தொழிலின் தீர்வையே தாங்கிற்று எனலாம்.

கல்கத்தாவின் கல்லூரித் தெருவில், 1876இல் நிறுவப்பெற்ற ஆல்பர்ட் மண்டபத்தில், 1942இல் இத்தகைய விடுதி ஒன்று தொடங்கிற்று. மாணவர்களும் ஆசிரியர்களும், சிற்றிதழ் நடத்துவோரும், அரசியல் தொண்டர்களும் அங்கே மணிக்கணக்கில் அமர்ந்தனர். பாலில்லாத, விலை குறைந்த ‘இன்ஃப்யூஷன்’ ஒரு கோப்பை போதும். படி திருத்துதலும், இதழுக்குக் கட்டுரை வாங்குதலும் அம்மேசைகளிலேயே நடந்தன. அந்நகரின் மற்றொரு காஃபி ஹவுஸில் சத்யஜித் ராய், விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய நாட்களில், நண்பர்களுடன் திரைப்படக் கலையைப் பற்றி விவாதித்து வந்தார்.

1950களின் நடுவில் காப்பி வாரியம் தன் விடுதிகளை மூட முடிவு செய்தது. மேசைகள் மூடப்பட்டால் வாடிக்கையாளர் வேறிடம் செல்வர்; பரிமாறியவர்களோ வேலை இழப்பர். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ. கே. கோபாலன் அத்தொழிலாளர்களை ஒன்றுகூட்டி, விடுதிகளை அவர்களே ஏற்று நடத்த ஊக்குவித்தார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் தில்லியிலும், அடுத்து வேறு நகரங்களிலும் தொழிலாளரின் சொந்த விடுதிகளாக ‘இந்தியன் காஃபி ஹவுஸ்’ தோன்றின. 1958இல் கல்லூரித் தெரு விடுதி மூடப்பட்டபோது, பிரெசிடென்சி கல்லூரி, கல்கத்தாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆசிரியர்கள் அரசுக்கு விண்ணப்பம் செய்து அதனைத் திரும்பத் திறக்கச் செய்தனர்.

விடுதிக்காரர் நம்மை அமர்த்தினார் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். உண்மையில் நம் மேசையைத் துடைத்து, நீர் வைத்து, நாம் எழும்வரை பொறுத்திருப்பவர் பரிமாறும் தொழிலாளி. தலைப்பாகையும் இடைக்கச்சையும் அணிந்த அத்தொழிலாளிகள் அவ்விடுதிகளுக்கு உரிமையாளரும் ஆனபின், ஒரு கோப்பைக்கு மூன்று மணி நேரம் அமர்ந்த வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டது எவருடைய வருவாயிலிருந்து என்பது ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று. எனினும் அவர்கள் அவ்வழக்கத்தை நிறுத்தவில்லை. இது அவர்களின் பெருந்தன்மை; நாம் உரிமையாகக் கோரத்தக்கது அன்று.

நிலத்தின் விலை

இத்தகைய விடுதிகள் பல பின்னாளில் இடம் பெயர்ந்தன, சில மறைந்தன. தில்லிக் கன்னாட் பிளேசிலிருந்த காஃபி ஹவுஸ் அவசரநிலைக் காலத்தில் இடிக்கப்பட்டு, பின்னர் மோகன்சிங் பிளேசில் இடம் பெற்றது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையிலிருந்த காஃபி ஹவுஸ் 2009இல் அங்கிருந்து நீங்கிச் சர்ச் தெருவுக்கு மாறிற்று. சென்னைக் கதீட்ரல் சாலையில் 1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் விடுதியைத் தமிழன்பர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் அதன் மரநிழலில் அமர்ந்து அன்றைய அறிக்கையை எழுதுவர்; திரைப்படத் துறையினர் கதை பேசுவர். தனி அலுவலகம் இல்லாத பலருக்கு அதுவே அலுவலகம். 2008இல் அது மூடப்பட்டது. 2010இல் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறினால் முதலில் சுருங்குவது நெடிது அமர்த்தும் இடமே. வாடகை குறைந்த புறநகர்களில் அதற்கு இன்னும் வாய்ப்பு உண்டு. நகர் நடுவிலுள்ள புகழ் பெற்ற விடுதியை விடுத்து, குடியிருக்கும் தெருவுக்கு அருகில் தேடுவோர் பயணச் செலவை மட்டும் கருதிச் செய்தாலும், வரலாறும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

கடிகாரம் வந்தது

1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1996இல், பெங்களூரின் பிரிகேட் சாலையில் கஃபே காஃபி டே தன் முதல் விடுதியை இணைய வசதியுடன் திறந்தது. அங்கே காப்பியும் ஒரு மணி நேர இணையமும் சேர்த்து விலை கூறப்பட்டன. இலண்டன் விடுதியில் மறைந்திருந்த கணக்கு இங்கே வெளிப்படையாயிற்று: இத்தனை ரூபாய்க்கு இத்தனை நேரம். பின்னர் இணையம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வந்து சேர்ந்தது. கணிப்பொறியையும் வாடிக்கையாளரே கொண்டு வரலானார். கடிகாரக் கணக்கு மறைந்தது. பழைய ஐயம் மீண்டது. 2011இல் மாஸ்கோவில் ஒருவர், காப்பிக்கு விலையின்றி, அமரும் நிமிடங்களுக்கு மட்டும் கட்டணம் பெறும் விடுதியைத் திறந்தார். அதுவும் அதே வினாவுக்கு ஒரு விடையே.

வீடு, அலுவலகம் என்ற இரண்டுக்கும் அப்பாற்பட்ட பொது இடங்களை ‘மூன்றாம் இடம்’ என்று அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ரே ஓல்டன்பர்க் 1989இல் தம் நூலில் பெயரிட்டார். மனிதர் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதே அவ்விடத்தின் உயிர் என்பது அவர் கருத்து. இன்று காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு திரையை நோக்கியிருப்போர் நிறைந்த விடுதி, மூன்றாம் இடமாயிருந்ததை இரண்டாம் இடமாக மாற்றிவிடுகிறது. இதனையும் நாம் மறத்தலாகாது.

தேடுவோர்க்குச் சில குறிப்புகள்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை யாவை? முதலாவது, விடுதியின் வகையை அறிதல். வாயிலில் வரிசை நிற்பதும், காசோலையைக் கேட்குமுன்பே பில்லை மேசையில் வைப்பதும், பெரும்பாலும் நால்வர் அமரும் மேசைகளே இருப்பதும் விரைவு விடுதியின் அடையாளங்கள். அங்கே உண்டுவிட்டு எழுந்துவிடுவதே மரியாதை. சுவரோரம் இருவர் அமரும் சிறு மேசைகளும், அவற்றருகே மின்செருகு வசதியும், செய்தித்தாள் படிப்போரும் இருப்பின், அது நெடிது அமர்த்தும் விடுதி என்று கொள்ளலாம்.

இரண்டாவது, வேளை அறிதல். காலைச் சிற்றுண்டிக் கூட்டம் கலைந்தபின் நண்பகல் உணவு தொடங்கும்வரையும், பின்னர்ப் பிற்பகலில் மாலைக் காப்பிக்கு முன்பும் பெரும்பாலான விடுதிகளில் மேசைகள் வெறுமையாயிருக்கும். அவ்வேளைகளில் நாம் அமர்வதால் எவருக்கும் இழப்பில்லை. ஆளில்லாத கடைக்கு ஆள் இருப்பதாகவும் ஆகும். ஞாயிறு காலையில் மடிக்கணினியை விரிப்பது முறையன்று.

மூன்றாவது, கேட்டறிதல். மேலாளரிடம் சென்று, இரண்டு மணி நேரம் அமர்ந்து பணி செய்யலாமா என்று அந்த ஊர் மொழியில் வினவுங்கள். கன்னடத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ நான்கு சொற்கள் போதும். அவ்வினா அவருடைய உரிமையை ஒப்புக்கொள்கிறது. விடை எதுவாயினும் பூசலுக்கு இடமிராது. மணிக்கொரு முறையேனும் ஏதாவது வாங்குவதும், எழுந்து செல்கையில் பரிமாறியவர்க்கு உரியதைக் கொடுப்பதும் இதில் அடங்கும்.

நான்காவது, பாதுகாப்பும் பண்பும். தூய்மையான கழிப்பறையும், இருட்டியபின் வீடு திரும்ப விளக்குள்ள தெருவும் இல்லாத விடுதி, காப்பி எத்துணைச் சிறந்ததாயினும், பெண்களுக்கு நல்ல பணியிடம் ஆகாது. ஆண்களும் இதனை ஓர் அளவுகோலாகக் கொண்டால் விடுதிக்காரர் கவனிப்பர். தொலைபேசியில் உரக்கப் பேசுவது அருகிலிருப்போர்க்கு இடையூறு. அலுவலக இரகசியம் அயலார் செவிக்கு எட்டுவதும் உண்டு. நாள் முழுதும் பேசவேண்டிய பணியுடையோர், லாயிட்ஸ் விடுதியின் 79 பேரைப் போல, நண்பர் சிலராகக் கூடிப் பொருளிட்டு அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே தக்கது.

இறுதியாக ஒன்று. ஊழியரை வீட்டுக்கு அனுப்பிய நிறுவனம், அலுவலக வாடகையையும் மின்கட்டணத்தையும் மிச்சப்படுத்துகிறது. அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. ஊழியரின் வீட்டுக்கும், அங்கிருந்து தெருமுனைக் காப்பி விடுதிக்கும் இடம் மாறுகிறது. அதனை இறுதியில் பரிமாறும் தொழிலாளியின் தோளில் இறக்கிவைத்துவிட்டு எழுந்து வருதல் நமக்கு அழகன்று. நிறுவனத்திடம் கேட்கத்தக்கதை நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவோம். விடுதிக்குக் கொடுக்கத்தக்கதை விடுதிக்குக் கொடுப்போம். அவ்வாறு செய்யின், அயலூரில் நமக்குக் கிடைத்திருக்கும் அந்தச் சிறு மேசை, நம்மை அடுத்து வேலை தேடி வரும் இளைஞர்க்கும் கிடைக்கும்.